அறுபது வயதில் பொம்மை ரயிலா?

"ஏங்க்கா, அண்ணன் இன்னும் அந்த ரயிலை வச்சு விளையாடிக்கிட்டுத்தான் இருக்காரா?"

போன வாரம் காய்கறிக் கடையில் எதிர்வீட்டுப் பெண் கேட்டாள். கேட்டதில் தப்பில்லை. கேட்டுவிட்டு வாயைப் பொத்திக் கொண்டு சிரித்தாளே, அதுதான் சுருக்கென்றது. மூன்று வருஷத்துக்கு முன்னால் நானும் அப்படிச் சிரித்தவள்தான். அதனால் அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல நினைத்ததை இங்கே எழுதுகிறேன்.

என் கருத்து இதுதான். ரிட்டையரான மனுஷன் ஒருத்தர் வீட்டில் அட்டையையும் பசையையும் வைத்துக் கொண்டு ரயில் பெட்டி செய்ய ஆசைப்பட்டால், அவரைக் கேலி செய்யாதீர்கள். வீட்டில் ஒரு மேஜையை விட்டுக் கொடுங்கள். ஆனால் "எப்படியோ தொந்தரவு இல்லாமல் இருந்தால் சரி" என்று கதவைச் சாத்திவிட்டும் போகாதீர்கள். அந்த மேஜையில் கத்தி இருக்கிறது, காரீயம் இருக்கிறது, புகை இருக்கிறது. எங்கள் வீட்டில் அந்த மேஜையால் ஒரு கால் போக இருந்தது. அதையும் மறைக்காமல் சொல்லப் போகிறேன்.

என் வீட்டுக்காரர் அரசாங்க வேலையில் முப்பத்தி மூன்று வருஷம் இருந்தார். நாலு வருஷத்துக்கு முன்னால் ஓய்வு. மாலை, சால்வை, ஒரு சுவர்க் கடிகாரம். மறுநாள் காலை வழக்கம்போல் எட்டரை மணிக்குத் தலை வாரிக் கொண்டு திண்ணையில் வந்து உட்கார்ந்தார். எனக்குச் சிரிப்பு வந்தது. நாலைந்து மாசம் கழித்துப் பார்த்தால் தலை வாருவதே நின்றுவிட்டது. பேப்பர் பிரிக்கப்படாமல் கிடந்தது. விடியற்காலை மூன்று மணிக்கு விழித்துக் கொண்டு கூடத்தில் நடப்பார். "என்ன வேணும்?" என்றால் "ஒண்ணும் வேணாம்". "என்ன யோசனை?" என்றால் "என்ன இருக்கு யோசிக்க". சாப்பாடு பாதியாகக் குறைந்தது. பதினோரு வருஷமாக இருக்கும் சர்க்கரை மட்டும் குறையவில்லை.

டாக்டரிடம் கூட்டிக் கொண்டு போனேன். மனச்சோர்வு என்றார். மாத்திரை எழுதிக் கொடுத்தார். "அதோட கையில ஏதாவது வேலை வச்சுக்கச் சொல்லுங்கம்மா. டி.வி. பார்க்கிறது வேலை இல்ல" என்றார்.

இந்த இடத்தில் ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். ரயில் செய்ததால் என் கணவருக்குக் குணமாயிற்று என்று நான் எழுதவில்லை. மாத்திரை ஒன்றரை வருஷம் சாப்பிட்டார், டாக்டர் சொன்ன பிறகுதான் படிப்படியாகக் குறைத்தார். பொழுதுபோக்கு வந்துவிட்டது என்று மருந்தை நிறுத்துகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அது விபரீதம்.

சென்னையில் இருக்கும் மகன் அப்பாவின் பிறந்த நாளுக்கு ஒரு ரயில் செட் வாங்கி அனுப்பினான். ஒரு எஞ்சின், மூன்று பெட்டி, வட்டமாகச் சேர்க்கும் தண்டவாளம், ஒரு திருகு. நல்ல விலைதான். திருகினால் ஓடுகிறது. முதல் நாள் நாங்கள் இரண்டு பேரும் குழந்தைகள் மாதிரி பார்த்துக் கொண்டிருந்தோம். மூன்றாம் நாள் அது பெட்டிக்குள் போய்விட்டது. "சுத்திச் சுத்தி வருது. எங்க போறதுன்னு அதுக்கே தெரியல" என்றார். தன்னைப் பற்றித்தான் சொன்னாரோ என்னவோ!

ஒரு வாரம் கழித்து அந்த எஞ்சினை எடுத்து ஸ்கேலால் அளந்து கொண்டிருந்தார். பெட்டியின் மேல் 1:87 என்று போட்டிருந்தது. அதாவது நிஜ ரயிலில் 87-ல் ஒரு பங்கு. உலகத்தில் மாடல் ரயில் செய்கிறவர்கள் அதிகம் பேர் பிடித்துக் கொள்ளும் அளவு இது. எச்.ஓ. என்று பெயர். ஐந்தரை அடி ஆள் இந்த அளவில் இரண்டு சென்டிமீட்டர்கூட இருக்க மாட்டார். அந்த செட்டின் தண்டவாள அகலம் 16.5 மில்லிமீட்டர். அதை 87-ஆல் பெருக்கினால் 1,435 மில்லிமீட்டர் வருகிறது. ஐரோப்பா, அமெரிக்கா பாதை அது. நம் நாட்டில் என்றால் சென்னை மெட்ரோ ஓடுகிற அகலம்.

"இது சின்னசேலம் லைன் இல்லையே!" என்றார். பல மாசத்துக்குப் பிறகு அவர் குரலில் கோபம் கேட்டது அன்றைக்குத்தான். எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

வெளியூர் வாசகர்களுக்காக எங்கள் ஊர்க் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கள்ளக்குறிச்சி 2019-ல் தனி மாவட்டம் ஆயிற்று. அதற்கு முன்பும் பின்பும் ரயிலுக்காகக் காத்துக் கிடந்த ஊர் இது. ரயில் ஏற வேண்டும் என்றால் பஸ் பிடித்து சின்னசேலம் போக வேண்டியிருந்தது. விருத்தாசலத்துக்கும் சேலத்துக்கும் நடுவில் இருக்கிறது. சின்னசேலத்திலிருந்து இங்கே சுமார் 16 கிலோமீட்டர் புதுப்பாதை என்று பட்ஜெட்டுக்கு பட்ஜெட் பேச்சு நடந்ததைக் கேட்டே எங்கள் தலைமுறை நரைத்தது. சின்னசேலம் வழிப் பாதை அப்போது மீட்டர் கேஜ். 2000-களில்தான் அகலப் பாதையாக மாறியது. இவர் சின்னப் பையனாக இருந்தபோது, லீவுக்கு மாமா வீட்டுக்குப் போக அப்பாவோடு அந்த ஸ்டேஷனில் கரி எஞ்சினுக்காகக் காத்திருப்பாராம். எஞ்சின் தண்ணீர் பிடிக்கிற சத்தம், கண்ணில் விழுந்த கரித்தூள், துண்டு நுனியை வாயால் ஊதிச் சூடாக்கி அப்பா கண்ணில் ஒற்றி எடுத்தது... எல்லாம் கதை கதையாகச் சொல்ல ஆரம்பித்தார். கல்யாணமாகி முப்பத்தைந்து வருஷத்தில் ஒரு தடவைகூட என்னிடம் சொல்லாத கதைகள்.

மீட்டர் கேஜ் என்றால் ஆயிரம் மில்லிமீட்டர். 87-ஆல் வகுத்தால் பதினொன்றரை. நம்முடைய அகலப் பாதை 1,676. வகுத்தால் 19-க்கு மேல். கையில் இருப்பதோ 16.5. இரண்டுக்கும் நடுவில் மாட்டிக் கொண்டது. மீட்டர் கேஜுக்காகவே 12 மில்லிமீட்டர் தண்டவாளம் வெளிநாட்டில் செய்கிறார்கள். விலையைப் பார்த்துவிட்டு, "போகட்டும், கண்ணை மூடிக்கிட்டு இதையே மீட்டர் கேஜுன்னு நினைச்சுக்கறேன்" என்று இறங்கி வந்தார். வீட்டில் நான் சொல்லி ஒரு நாளும் இறங்கி வராதவர்!

அப்படித்தான் ஆரம்பித்தது. ஆறடிக்கு மூன்றடி பிளைவுட். அதில் ஒரு கோடியில் சின்னசேலம் ஸ்டேஷன், நடுவில் கள்ளக்குறிச்சி, இன்னொரு கோடியில் கல்வராயன் மலையும் வெள்ளிமலையும். நடக்காத ரயிலை மேஜையில் விடுவதாகத் திட்டம். கணக்குப் போட்டுப் பார்த்தோம். 16 கிலோமீட்டரை 87-ஆல் வகுத்தால் 184 மீட்டர். எங்கள் தெரு பத்தாது. மலை ஆயிரம் மீட்டர் என்று வைத்துக் கொண்டால் பதினொன்றரை மீட்டர் உயரத்துக்கு அட்டையை அடுக்க வேண்டும். மூன்று மாடி வீடு! "எல்லாத்தையும் சுருக்கணும். எதைச் சுருக்கலாம், எதைச் சுருக்கக் கூடாதுன்னு யோசிக்கிறதுதான் வேலையே" என்றார். சுருக்கக் கூடாதது என்று அவர் முடிவு செய்தவற்றில் ஸ்டேஷன் வேப்ப மரமும் தண்ணீர்க் குழாயும் இருந்தன. ஸ்டேஷன் மாஸ்டர் அறை சுருங்கிவிட்டது.

மலை ஏறுவது அடுத்த பிரச்சினை. ஆறடி நீளத்தில், ஐம்பதுக்கு ஒன்று ஏற்றம் வைத்தால் மூன்றரை சென்டிமீட்டர்தான் ஏற முடியும். ஒரு பாதைக்கு மேல் இன்னொன்று பாலத்தில் போக அதைப்போல இரண்டு மடங்கு வேண்டும். நீலகிரி மலை ரயிலில் இதற்குத்தான் பல்சக்கரம். 1899-ல் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரையும், 1908-ல் ஊட்டி வரையும் போட்ட பாதை. 46 கிலோமீட்டர், 16 குகை. கல்லாறிலிருந்து குன்னூர் வரை சுமார் பன்னிரண்டு அடிக்கு ஓர் அடி என்று ஏறுகிறது. 2005-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னம் என்று அறிவித்தது. நடுவில் இருக்கும் பல் தண்டவாளத்தை எஞ்சினின் பல்சக்கரம் கடித்துக் கடித்து ஏறும். இவரும் வெள்ளிமலைக்குப் பல் தண்டவாளம் போட்டுவிட்டார். என் பிளாஸ்டிக் சீப்பு இரண்டு காணாமல் போனதற்கு அதுதான் காரணம். எஞ்சின் ஏறாது. வெறும் காட்சிக்குத்தான். ஆனால் பார்க்கிறவர்கள் முதலில் குனிந்து பார்ப்பது அதைத்தான்.

மற்ற சாமான்கள் எல்லாம் வீட்டிலும் தெருவிலும் கிடைத்தவை. பெட்டிகளுக்குக் கல்யாணப் பத்திரிகை அட்டை. கெட்டியாக, வழவழப்பாக, மடங்காமல் இருக்கும். பெரம்பூர் ஐ.சி.எஃப். பெட்டி 21.3 மீட்டர் நீளம். இந்த அளவில் 24 சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேல். ஒரு பத்திரிகையில் ஒரு பக்கச் சுவர் அடங்கும். ஜன்னல் கம்பிக்கு நைலான் நரம்பு. மலைக்குப் பழைய நியூஸ் பேப்பர் உருண்டை, மேலே பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் நனைத்த வேட்டித் துண்டு. புல்லுக்கு மரத்தூள். எங்கள் பக்கம் மரச் சிற்பம் பிரசித்தம். 2021-ல் கள்ளக்குறிச்சி மரச் சிற்பத்துக்குப் புவிசார் குறியீடுகூடக் கிடைத்தது. பட்டறையில் கேட்டால் தூளைச் சும்மாவே கொடுப்பார்கள். சலித்து, பச்சைச் சாயத்தில் ஊறவைத்து, நிழலில் உலர்த்தினால் பாசி, புல், மரவள்ளிக் காடு எல்லாம் ஆகும்.

பெட்டி செய்து முடித்துப் புதுசு மாதிரி பளபளவென்று வைத்தால் பொம்மையாகத்தான் தெரிகிறது. அதை அழுக்காக்க வேண்டுமாம்! கூரையில் புகைக்கறி, சக்கரத்துக்குப் பக்கத்தில் துரு நிறத் தூசி, படிக்கட்டில் தேய்மானம். உலர்ந்த பிரஷ்ஷில் பெயிண்டைத் தொட்டு, பேப்பரில் துடைத்துவிட்டு, மிச்சம் இருக்கிற துளியைத் தடவுகிறார். பழைய பெட்டியில் கழிவறைக்குக் கீழே வழிந்திருக்குமே, அந்தக் கறையைக்கூட விடவில்லை. "சாப்பாட்டு மேஜைக்குப் பக்கத்துல இதெல்லாம் வேணுமா?" என்றேன். "அது இல்லாம அந்தக் காலத்து ரயில் ஏதும்மா?" என்றார். பேரன் விழுந்து விழுந்து சிரித்தான்.

இனி அந்தக் கால் விஷயம்.

போன வருஷம் ஆடி மாசம். கூடம் துடைத்துக் கொண்டிருந்தேன். தரையில் பொட்டுப் பொட்டாகக் கறை. பெயிண்ட் என்று நினைத்துத் துடைத்தேன். துணியில் வந்த நிறம் பெயிண்ட் இல்லை. மேஜையிலிருந்து குளியலறை வரை போயிருந்தது. இவரைப் பார்த்தால் ஜன்னலோரம் உட்கார்ந்து சந்தோஷமாகச் சக்கரம் மாட்டிக் கொண்டிருக்கிறார். காலைத் தூக்கிப் பார்த்தேன். வலது பாதத்தில், பெருவிரலுக்குக் கீழே, அரிசி நீளத்துக்கு ஒரு தண்டவாளத் துண்டு. வெட்டி எறிந்த நுனி. உள்ளே போயிருந்தது. சுற்றிலும் சிவந்து வீங்கி இருந்தது. எப்போது ஏறியது என்று அவருக்குத் தெரியவில்லை. டாக்டர் பார்த்துவிட்டு "ரெண்டு மூணு நாளாவது ஆகியிருக்கும்" என்றார்.

வலிக்கவில்லை. அதுதான் பயங்கரம். சர்க்கரை பல வருஷம் இருந்தால் பாதத்து நரம்புகள் மரத்துப் போகும் என்று எத்தனையோ தடவை படித்திருக்கிறோம். படித்தது வேறு. டாக்டர் ஒரு நைலான் இழையை எடுத்து அவர் பாதத்தில் இங்கே அங்கே அழுத்தி, கண்ணை மூடிக் கொண்டு "தொட்டா சொல்லுங்க" என்றார். தொடுகிறார், தொடுகிறார், இவர் பேசாமல் இருக்கிறார். ஜன்னல் கம்பிக்கு இவர் வைத்திருக்கிற நரம்பு மாதிரியே இருந்தது அந்த இழை. எனக்கு அழுகை வந்துவிட்டது.

நான் ஜாக்கிரதையாக இருந்ததாகத்தான் நினைத்திருந்தேன். பழைய ஸ்பீக்கர் காந்தம் ஒன்றைக் கயிற்றில் கட்டி, தினம் சாயங்காலம் மேஜைக்கு அடியில் இழுப்போம். பிளேடு முனை, ஆணி எல்லாம் ஒட்டிக் கொள்ளும். ஆனால் இந்தத் தண்டவாளம் இரும்பு இல்லை. செம்பு, நிக்கல், துத்தநாகம் கலந்த ஜெர்மன் சில்வர். நம் வீட்டுக் குங்குமச் சிமிழ் செய்கிற அதே உலோகம்தான். காந்தத்தில் ஒட்டாது. நாங்கள் காந்தத்தை நம்பி விளக்குமாற்றை மறந்துவிட்டோம்.

துண்டை எடுத்தார்கள். சீழ் கட்ட ஆரம்பித்திருந்தது. ஊசி, கட்டு, ஒரு நாள் விட்டு ஒரு நாள் டிரெஸ்ஸிங். ஆற ஐந்து வாரம் பிடித்தது. அந்த ஐந்து வாரமும் எனக்கு ஒரே எண்ணம்தான். அந்தப் பலகையைத் தூக்கி மொட்டை மாடியில் போட்டுக் கொளுத்த வேண்டும். டாக்டரிடமே சொன்னேன்.

"ஏம்மா, உங்களுக்கு சமைக்கும்போது விரல் வெட்டினா அடுப்பைத் தூக்கிப் போட்டுருவீங்களா? மேஜையை எடுக்காதீங்க. செருப்புப் போடச் சொல்லுங்க" என்றார்.

அன்றைக்கே எம்.சி.ஆர். செருப்பு வாங்கினோம். சர்க்கரைக்காரர்களுக்கென்று மெத்தென்ற ரப்பரில் செய்வது. வீட்டுக்குள் செருப்பா என்று என் மாமியார் இருந்திருந்தால் ஊரைக் கூட்டியிருப்பார். இருக்கட்டும். தினம் ராத்திரி படுக்குமுன் இரண்டு பாதத்தையும் நான் டார்ச் அடித்துப் பார்க்கிறேன். நான் ஊரில் இல்லாத நாளில் முகம் பார்க்கும் கண்ணாடியைத் தரையில் வைத்து அவரே பார்த்துக் கொள்கிறார். தண்டவாளம் வெட்டுவது என்றால் ஒரு பழைய எவர்சில்வர் தாம்பாளத்துக்குள் கையை வைத்துத்தான் வெட்ட வேண்டும். துண்டு தாம்பாளத்தில் விழும். கூட்டுவது யார் வேலை? செய்தவர் வேலை! இதில் நான் விட்டுக் கொடுப்பதாக இல்லை. ஆண்களுக்குப் பொழுதுபோக்கு, அதைக் கூட்டிப் பெருக்குவது பெண்களுக்குப் பொழுதுபோக்கு என்று எத்தனை வீட்டில் நடக்கிறது!

மற்ற ஆபத்துகளையும் அப்போதுதான் ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தோம். ஒயர் பற்ற வைக்கிற ஈயக் கம்பியை எடுத்துக் கொள்ளுங்கள். ஈயச் சொம்பில் ரசம் வைக்கிற நமக்கு ஈயம் என்றால் பயம் கிடையாது. அது வெள்ளீயம். இந்தக் கம்பியில் பெரும்பாலும் அறுபது பங்கு வெள்ளீயம், நாற்பது பங்கு காரீயம். காரீயம்தான் விஷம், அதிலும் குழந்தைகளின் மூளையைத் தாக்குகிற விஷம். பற்ற வைக்கும்போது எழும் புகையில் காரீயம் இருக்கும் என்று பலரும் பயப்படுகிறார்கள். அந்தச் சூட்டில் காரீயம் அவ்வளவாக ஆவியாகாது. புகை, கம்பிக்குள் இருக்கும் ரோசின் பிசினுடையது. ஆஸ்துமா இருப்பவர்களுக்கு ஆகாது, ஜன்னலைத் திறந்து வைக்க வேண்டும். காரீயம் போவது விரல் வழியாக. கம்பியைப் பிடித்த கையோடு முறுக்கை எடுத்துக் கடிப்பது இருக்கிறதே, அதுதான் வழி. அதனால் மேஜையில் தட்டு, டம்ளர் எதுவும் கிடையாது. எழுந்தால் சோப்புப் போட்டுக் கை கழுவிய பிறகுதான் காபி.

பெயிண்டிலும் இதே சங்கதி. ஸ்டேஷன் பெயர்ப் பலகைக்கு மஞ்சள் வேண்டும் என்று பரணிலிருந்து இருபது வருஷத்து டப்பா ஒன்றை இறக்கினார். வீட்டு பெயிண்டில் காரீயம் 90 பி.பி.எம்.-க்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் அமலுக்கு வந்தது. பழைய மஞ்சளிலும் சிவப்பிலும் காரீயம் நிறைய இருக்க வாய்ப்பு உண்டு. அதைத் தொடவே வேண்டாம், உப்புத்தாளால் தேய்க்கவும் வேண்டாம். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வாங்குகிற தண்ணீர் கலக்கும் அக்ரிலிக் கலர் போதும். இந்தச் சின்னப் பலகைக்கு ஒரு டியூப் ஆயுசுக்கும் வரும்.

தெர்மோகோலைச் சூடான கம்பியாலோ ஊதுபத்தியாலோ வெட்டாதீர்கள். அந்தப் புகை கண்ணையும் தொண்டையையும் எரிக்கும். கத்தியால் வெட்டுங்கள், பெருக்குவது கொஞ்சம் சிரமம், அவ்வளவுதான். மரத்தூள் சலிப்பது முற்றத்தில், முகத்தில் மாஸ்க்கோடு. நுண்ணிய மரத்தூளை வருஷக்கணக்கில் சுவாசித்தால் மூக்கில் புற்றுநோய் வரக்கூடும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பே சொல்லியிருக்கிறது. பட்டறையில் நாள் முழுக்க உட்காருகிற தொழிலாளிக்குத்தான் அந்தக் கவலை அதிகம், அவர்களுக்கு யார் மாஸ்க் கொடுக்கிறார்கள் என்பது வேறு கதை. பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் கெட்டியாகும்போது சூடாகும். மேலே பூசலாம். வாளியில் குழைத்து அதற்குள் கையை விட்டு அச்சு எடுக்கக் குழந்தைகளை விடவே கூடாது.

கார்டு வண்டிக்குப் பின்னால் சிவப்பு விளக்கு எரிய வேண்டும் என்று பட்டன் பேட்டரி ஒன்று வைத்தார். பேத்திக்கு மூன்று வயசு. எதை எடுத்தாலும் வாய்க்குள் போகிற வயசு. பட்டன் பேட்டரி உணவுக் குழாயில் மாட்டிக் கொண்டால் இரண்டே மணி நேரத்தில் சதையை அரித்துவிடும். விழுங்கியிருக்கலாம் என்று சந்தேகம் வந்தாலே போதும், வாந்தி எடுக்க வைக்காமல், நேரே எக்ஸ்ரே இருக்கிற ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். இப்போது அந்த வண்டி ஸ்க்ரூ போட்டு மூடியிருக்கிறது. பேத்தி வருகிற வாரம் பலகையே உள்ளறைக்குப் போய்ப் பூட்டிக் கொள்ளும்.

கண்ணும் கழுத்தும் பாக்கி. நாற்பது தாண்டினாலே வெள்ளெழுத்து. ஜன்னல் கம்பி ஒட்டுகிறவருக்குப் படிக்கிற கண்ணாடி போதாது. மேஜைக்கு நல்ல வெளிச்சம் வேண்டும், குனிவதற்குப் பதில் வேலையை நெஞ்சு உயரத்துக்குத் தூக்கிக் கொள்ள வேண்டும். ஒரு மனைப்பலகை போட்டால் உயரும். அரை மணிக்கு ஒரு தரம் சமையலறை டைமர் அடிக்கும். எழுந்து தெருக்கோடி வரை போய் வர வேண்டும். இல்லாவிட்டால் நடைப்பயிற்சியை ரயில் தின்றுவிடும். உண்மையைச் சொன்னால் டைமர் அடித்து அவர் எழுவதில்லை, நான் கத்தித்தான் எழுகிறார்.

இவ்வளவு தொல்லை எதற்கு, பேசாமல் கோயிலுக்குப் போகலாமே என்பீர்கள். போகட்டும், யார் வேண்டாம் என்றது? அவருக்குப் பிடித்தது இது. 2023-ல் ஓர் ஆராய்ச்சி வெளிவந்தது. இங்கிலாந்து, அமெரிக்கா, ஜப்பான், சீனா, ஐரோப்பா என 16 நாடுகளில் 65 வயசுக்கு மேற்பட்ட 93,000-க்கும் அதிகமானவர்களைப் பார்த்திருக்கிறார்கள். பொழுதுபோக்கு உள்ளவர்களிடம் மனச்சோர்வின் அறிகுறிகள் குறைவாகவும், சந்தோஷம், திருப்தி எல்லாம் அதிகமாகவும் இருந்தன. நம் நாடு அந்தப் பட்டியலில் இல்லை. தவிர, பொழுதுபோக்கால் மனசு தெளிந்ததா, மனசு தெளிவாக இருந்ததால் பொழுதுபோக்கு வந்ததா என்று இம்மாதிரிக் கணக்கெடுப்பை மட்டும் வைத்து அடித்துச் சொல்ல முடியாது. என் வீட்டில் இரண்டும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்தே நடந்தன.

அதைவிட என் மனசில் தங்கியது ஒரு பாடகர் கதை. கனடாவில் பிறந்த நீல் யங். உலகப் புகழ் பெற்றவர். அவர் மகன் ஒருவர் பெருமூளை வாதத்தோடு பிறந்தவர். கை சொன்னபடி கேட்காது, சின்னத் திருகைத் திருக முடியாது. அப்பாவும் பிள்ளையும் சேர்ந்து ரயில் பாதை அமைத்தார்கள். மகன் தானே ரயிலை ஓட்டும்படி, லேசாக அழுத்தினால் போதும் என்கிற பெரிய பட்டன் வைத்த கருவியை அப்பா உருவாக்கினார். அந்த ஆர்வம் பெரிதாகி 1990-களில் லயனல் என்ற அமெரிக்க ரயில் பொம்மைக் கம்பெனியிலேயே பங்குதாரர் ஆனார். ரயிலை ரிமோட்டால் இயக்கும் முறைக்கும் அவர் உழைப்பு உண்டு. நம் வீடுகளில் ஊனமுற்ற பிள்ளையை "நீ பார்த்துக்கிட்டு மட்டும் இரு" என்று ஓரமாக உட்கார வைக்கிறோமே, அதை நினைத்துக் கொண்டேன்.

எங்கள் பேரனுக்கு ஒன்பது வயசு. கை கால் எல்லாம் நன்றாக இருக்கிறது. ஆனால் கையில் போன் இல்லாமல் பத்து நிமிஷம் இருக்க மாட்டான். போன மே மாசம் தாத்தாவோடு ஒரு கூட்ஸ் வேகன் செய்தான். முதல் வேகன் கோணல். இரண்டாவதும் கோணல். மூன்றாவதில் சக்கரம் நேராக நின்று உருண்டது. அன்றைக்கு அவன் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. போனை அறவே மறந்துவிட்டான் என்று பொய் சொல்ல மாட்டேன். ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரம் மறந்தான். எனக்கு அது போதும்.

அதனால்தான் சொல்கிறேன், விலை உயர்ந்த செட்டை வாங்கிக் கொடுத்துவிட்டு "அப்பாவுக்குப் பொழுது போகும்" என்று கணக்கை முடித்துக் கொள்ளாதீர்கள். வாங்கிய ரயில் மூன்று நாள். செய்கிற ரயில் முடிவதே இல்லை. புனே கோத்ருட்டில் 1998-ல் ஒரு தனி மனிதரின் ஆசையில் திறந்த ஜோஷி மினியேச்சர் ரயில் அருங்காட்சியகம் இருக்கிறது. சென்னையில் பெரம்பூர் ஐ.சி.எஃப். பக்கத்தில் ரயில் அருங்காட்சியகம் இருக்கிறது. ஒரு லீவு நாளில் அப்பாவைக் கூட்டிக் கொண்டு போய்க் காட்டுங்கள். செலவு அதைவிடக் குறைவு, கூட நீங்களும் இருப்பீர்கள். அவருக்கு வேண்டியதில் பாதி அதுதான்.

இன்னொன்று, இது என் சொந்தக் குறை. அவருக்கு அறுபதில் ஓய்வு கொடுத்தார்கள். எனக்கு யாரும் கொடுக்கவில்லை. அவருக்கு மேஜை கிடைத்தது போல எனக்கும் சாயங்காலம் ஒரு மணி நேரம் வேண்டும் என்று கேட்டேன். கொஞ்சம் முகம் சுருங்கியது. இப்போது ராத்திரி தோசை அவர் பொறுப்பு. தோசை இன்னும் சரியாக வட்டம் வரவில்லை, அளவெடுத்து வெட்டுகிற கைக்கு இது வராதா என்று கேட்டேன், கல் சரியில்லையாம்.

நானும் அந்தப் பலகையில் கொஞ்சம் கை வைத்திருக்கிறேன். சின்னசேலம் பிளாட்பாரத்தில் ஊறுகாய் ஜாடி மூடி அளவுக்கு ஒரு பூக்கடை என்னுடையது. பூ எல்லாம் கலர் நூல் முடிச்சு. வெள்ளிமலை ஸ்டேஷனுக்கு மஞ்சள் பலகை தயாராகிவிட்டது, பெயர் எழுதியாயிற்று. நிஜப் பலகைகளில் கடல் மட்டத்திலிருந்து இத்தனை மீட்டர் என்று கீழே போட்டிருப்பார்களே, அந்த இடம் மட்டும் காலியாக இருக்கிறது. உத்தேசமாக ஒரு எண் எழுதச் சொன்னால் கேட்க மாட்டேன் என்கிறார். நேரில் போய்த்தான் பார்த்து வர வேண்டுமாம். ஞாயிற்றுக்கிழமை கச்சிராயபாளையம் தாண்டி மலைக்குப் பஸ் ஏறுகிறோம். புளிசாதம் கட்ட வேண்டும், அவருக்கு எம்.சி.ஆர். செருப்பையும் மறக்காமல் எடுத்து வைக்க வேண்டும்.